ஆப்பிள் சைடர் வினிகர்: முதல் ஸ்பூனுக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"பாட்டிலை வாங்கியாச்சு, இனி எப்படிக் குடிக்கணும்?" ஆப்பிள் சைடர் வினிகர் பற்றி என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அதில் என்ன இருக்கிறது, எதற்காகக் குடிக்கிறோம், நம் உடம்புக்கு ஒத்துவருமா என்ற கேள்விகளெல்லாம் அப்புறம்தான் வருகின்றன. சிலருக்கு வருவதே இல்லை. அந்த வரிசையை மாற்றிப் போடத்தான் இந்தக் கட்டுரை.

நானும் தவறான இடத்தில்தான் தொடங்கினேன். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் இரண்டு டேபிள்ஸ்பூன் வினிகரைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே விழுங்குவேன். உடனே போய்ப் பல் துலக்குவேன். தொண்டை எரியும். எரிகிறது என்றால் வேலை செய்கிறது என்று நம்பினேன். மூன்று மாதத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே முன்பற்கள் கூச ஆரம்பித்தன. பல் மருத்துவர் ஒரு சிறு கண்ணாடியைக் கையில் கொடுத்து, மேல்வரிசை முன்பற்களின் விளிம்பைப் பார்க்கச் சொன்னார். வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு விளிம்பு மெலிந்து போயிருந்தது. கரைந்த எனாமல், அதாவது பல்லின் கடினமான மேற்பூச்சு, திரும்ப வளராது என்றார். அதன்பிறகும் நான் வினிகரை விட்டுவிடவில்லை, எடுத்துக்கொள்ளும் விதத்தை அடியோடு மாற்றிக்கொண்டேன். அந்த விதத்தைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பாட்டிலுக்குள் இருப்பது என்னவென்று பாருங்கள்

ஆப்பிளை நசுக்கிச் சாறு எடுக்கிறார்கள். அதிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. இது முதல் நொதித்தல். அடுத்து, காற்று படும்படி வைத்தால் அசிட்டோபேக்டர் வகைப் பாக்டீரியாக்கள் அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடும். இது இரண்டாவது நொதித்தல். வினிகர் உருவாவதற்கு நுண்ணுயிர்கள்தான் காரணம் என்று 1860-களில் ஆராய்ந்து காட்டியவர் லூயி பாஸ்டர். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே மனிதர்கள் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். கிரேக்க மருத்துவத்தில் வினிகரும் தேனும் கலந்த பானம் மருந்தாகவே இருந்தது. ரோமானியப் படைவீரர்கள் புளித்த வினிகரைத் தண்ணீரில் கலந்து தாகத்துக்குக் குடித்தார்கள்.

கடையில் கிடைக்கும் பாட்டிலில் பொதுவாக 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும். மீதி ஏறக்குறைய எல்லாமே தண்ணீர். ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மி.லி. எடுத்தால் முக்கால் கிராம் அளவுக்கு அசிட்டிக் அமிலமும் சுமார் 3 கலோரியும் கிடைக்கும். வைட்டமின் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பொட்டாசியம் 11 மி.கி. அளவுக்கு இருக்கும். நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கான மில்லிகிராம். ஆகவே "சத்து நிறைந்தது" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். ஆப்பிளின் சத்து வேண்டுமென்றால் ஆப்பிளைத்தான் கடித்துச் சாப்பிட வேண்டும். வினிகரால் கிடைக்கும் பலன் பெரும்பாலும் அந்த அசிட்டிக் அமிலத்தால் வருவது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் சுலபமாகப் புரியும்.

வடிகட்டாத பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் பழுப்பு நிறத்தில் வண்டல் படிந்திருக்கும். குலுக்கினால் நூல்நூலாகப் பிரிந்து மேலே எழும்பி, மெல்ல மெல்ல இறங்கும். சில சமயம் வழவழவென்று ஆடை மாதிரி ஒரு படலமே மிதக்கும். இதைத்தான் 'மதர்' என்கிறார்கள். பாக்டீரியாக்களும் அவை பின்னிய செல்லுலோஸ் இழைகளும் சேர்ந்தது அது. வினிகர் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து பலர் கொட்டிவிடுகிறார்கள். கொட்ட வேண்டாம், அது கெட்டதன் அடையாளம் கிடையாது. அதற்காக அதில் அபூர்வ சக்தி இருக்கிறது என்றும் நம்ப வேண்டாம். மதர் இருந்தால் உடம்புக்குக் கூடுதல் நன்மை என்று காட்டும் உறுதியான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை.

படி 2: எதற்காக என்று முடிவு செய்யுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வினிகரின் பெயரில் சொல்லப்படும் பலன்களின் பட்டியல் நீளமானது. ஆனால் ஓரளவு நம்பகமான ஆதாரம் இருப்பது ஒரே விஷயத்துக்குத்தான்: மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை எகிறுவதைக் கொஞ்சம் தணிக்கிறது.

2004-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரல் ஜான்ஸ்டன் குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். மொத்தம் 29 பேர். சிலர் ஆரோக்கியமானவர்கள், சிலருக்கு இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாக இணங்காத நிலை), மற்றவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய். 20 கிராம் ஆப்பிள் சைடர் வினிகரைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்துவிட்டு, வெள்ளை மாவு ரொட்டி, வெண்ணெய், ஆரஞ்சுச் சாறு என்று ஒரு சாப்பாடு கொடுத்தார்கள். இன்சுலின் எதிர்ப்பு இருந்தவர்களிடம் சாப்பிட்ட முதல் ஒரு மணி நேரத்தில் இன்சுலின் வேலை செய்யும் திறன் 34 சதவீதம் கூடியிருந்தது. டைப் 2 உள்ளவர்களிடம் முன்னேற்றம் அதைவிடக் குறைவு, 19 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனால் அதற்குப் பிறகு பல இடங்களில் நடந்த சிறு ஆய்வுகளும் ஏறக்குறைய இதே திசையைத்தான் காட்டின.

எப்படி நடக்கிறது இது? அமிலம் சேர்ந்த உணவு இரைப்பையிலிருந்து குடலுக்குச் சற்று மெதுவாக இறங்குகிறது. குடலில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளின் வேகத்தையும் அசிட்டிக் அமிலம் மட்டுப்படுத்துவதாகத் தெரிகிறது. அதனால் சர்க்கரை ஒரேயடியாகப் பாயாமல் நிதானமாக ரத்தத்தில் சேர்கிறது. இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. வினிகருக்கு வேலை சாப்பாட்டோடுதான். அதுவும் அரிசி, ரொட்டி, உருளைக்கிழங்கு மாதிரி மாவுச்சத்து தூக்கலாக இருக்கும் சாப்பாட்டோடு. காய்கறியும் பருப்புமாக, சர்க்கரையை மெதுவாக ஏற்றும் சாப்பாட்டில் அது செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சாப்பிட்டால் வயிறு எரிவதுதான் மிச்சம்.

எடைக்கு வருவோம். எல்லோரும் கேட்பது இதைத்தான். 2009-ல் ஜப்பானில் ஓர் ஆய்வு வெளியானது. உடல் பருமன் உள்ள சுமார் 155 பேரில் பெரும்பாலானோருக்கு 12 வாரம் தினமும் 15 அல்லது 30 மி.லி. வினிகர் கலந்த பானம் கொடுத்தார்கள். குறைந்த எடை ஒன்றிலிருந்து இரண்டு கிலோவுக்குள். பானத்தை நிறுத்திய நான்கு வாரத்தில் எடை பழைய இடத்தை நோக்கித் திரும்பிவிட்டது. நடத்தியவர்கள் வினிகர் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிடப் பரவலாகப் பேசப்பட்டது 2024-ல் லெபனானிலிருந்து வந்த ஆய்வு. 12 முதல் 25 வயது வரையிலான 120 பேரில் வினிகர் குடித்தவர்கள், 12 வாரத்தில் 6 முதல் 8 கிலோ வரை எடை குறைந்தார்கள் என்றது அது. உலகம் முழுக்கச் செய்தியானது. இன்றும் எடைக்குறைப்பு விளம்பரங்களில் அந்த எண்கள் ஓடுகின்றன. ஆனால் அதை வெளியிட்ட பி.எம்.ஜே. என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழ்க் குழுமம் 2025 செப்டம்பரில் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றுவிட்டது. தரவுகளை மறுபடி ஆராய்ந்த புள்ளியியல் நிபுணர்களால் அதே முடிவுகளை வரவழைக்க முடியவில்லை, எண்களிலும் நம்ப முடியாத ஒழுங்கின்மைகள் இருந்தன. எனவே "மூன்று மாதத்தில் எட்டு கிலோ" என்று யாராவது சொன்னால், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் இப்போது சொல்லிவிடலாம்.

கொழுப்பு விஷயத்தில் சில ஆய்வுகள் மொத்தக் கொலஸ்ட்ரால் சிறிதளவு குறைந்ததாகக் காட்டியிருக்கின்றன. மாத்திரைக்குப் பதிலாக நம்பும் அளவுக்கு அது இல்லை. நெஞ்செரிச்சலை ஆற்றும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது, பலருக்கு அதிகமாக்கத்தான் செய்கிறது. "உடம்பைக் காரத்தன்மைக்கு மாற்றும்" என்பது நடக்காத காரியம். ரத்தத்தின் பி.எச். அளவை (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நுரையீரலும் சிறுநீரகமும் இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன, ஒரு ஸ்பூன் வினிகரால் அதை அசைக்க முடியாது. புற்றுநோய், சிறுநீரகக் கல் என்று சொல்லப்படுவதற்கெல்லாம் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிட்டு வினிகரை நம்பி இருக்காதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

படி 3: உங்களுக்கு இது ஆகுமா என்று முதலில் சரிபாருங்கள்

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று உங்களுக்குப் பொருந்தினால், மருத்துவரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு போன்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள். மருந்தும் வினிகரும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு.

நீண்ட நாள் சர்க்கரை நோயால் இரைப்பை மந்தமாகிப் போனவர்கள். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிடும், சாப்பிட்டது மணிக்கணக்கில் அப்படியே நிற்கும், குமட்டும். 2007-ல் ஸ்வீடனில், இந்தப் பிரச்சினை உள்ள டைப் 1 நோயாளிகள் பத்துப் பேருக்கு இரண்டு வாரம் தினமும் 30 மி.லி. ஆப்பிள் சைடர் வினிகர் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே மெதுவாக இருந்த இரைப்பை இன்னும் மெதுவானது. மற்றவர்களுக்கு நன்மை செய்யும் அதே குணம் இவர்களுக்குக் கெடுதல். இன்சுலின் போட்டபின் சாப்பாடு எப்போது செரித்துச் சர்க்கரையாகும் என்ற கணக்கே இவர்களுக்குத் தவறிவிடும்.

சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். இங்கே கவலை பொட்டாசியம் பற்றியது. 1998-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் மருத்துவர்கள் 28 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். ஆறு ஆண்டுகளாகத் தினமும் 250 மி.லி. வினிகர் குடித்துவந்தவர் அவர். பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குக் குறைந்து, எலும்புகளும் தேய்ந்திருந்தன. அது மிதமிஞ்சிய அளவுதான், ஒரு ஸ்பூனால் அந்த நிலை வந்துவிடாது. ஆனால் பொட்டாசியத்தை ஏற்கெனவே வெளியேற்றும் மருந்து எடுப்பவர்கள் அதோடு விளையாடக் கூடாது.

வயிற்றுப் புண், கடுமையான நெஞ்செரிச்சல், விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம். கர்ப்பிணிகள் சூடாக்கிப் பதப்படுத்தாத (பாஸ்டரைஸ் செய்யாத) வகையைத் தவிர்ப்பது நல்லது. குழந்தைகளுக்குச் சாலட்டில் சேர்வதைத் தாண்டி எதுவும் தேவையில்லை.

படி 4: வாங்கும்போது

லேபிளில் மூன்றே விஷயங்களைப் பாருங்கள். ஆப்பிளிலிருந்து நொதிக்கவைத்தது என்று இருக்க வேண்டும். வினிகரில் ஆப்பிள் வாசனை சேர்த்தது என்றால் அது வேறு சரக்கு. அமிலத்தன்மை 5 சதவீதம் என்று குறித்திருக்க வேண்டும். பொருள்களின் பட்டியலில் சர்க்கரை இருக்கக் கூடாது. அவ்வளவுதான். மதர் உள்ளதா, வடிகட்டியதா என்பது உங்கள் விருப்பம், அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அசிட்டிக் அமிலம்தான் வேலை செய்கிறது என்பதால், அதே அமில அளவுள்ள வேறு வினிகரும் சாப்பாட்டில் ஏறக்குறைய அதே பலனைத் தரும். ஆப்பிள் வினிகரின் சாதகம் அதன் ருசி. பழவாசனையோடு மெலிதான புளிப்பு, தினமும் சேர்த்துக்கொள்ளச் சுலபம்.

கண்ணாடி பாட்டில் நல்லது. மூடியை இறுக்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஃபிரிட்ஜ் தேவையில்லை.

படி 5: முதல் வாரம் தட்டில்தான், டம்ளரில் இல்லை

புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் என் முதல் யோசனை இதுதான்: குடிக்காதீர்கள், சாப்பாட்டில் சேர்த்துச் சாப்பிடுங்கள். வினிகர் அடிப்படையில் ஓர் உணவுப்பொருள். உணவோடு சேரும்போது பல்லில் நேரடியாகப் படுவது குறைகிறது, தொண்டை எரிவதில்லை, மாவுச்சத்தோடு அதுவே ஒட்டிக்கொண்டு உள்ளே போகிறது.

ஒரு சின்னக் கிண்ணத்தில் ஒரு டீஸ்பூன் வினிகரை விடுங்கள். அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு முதலில் கரையவிடுங்கள், எண்ணெய் சேர்ந்தபின் உப்பு கரையாது. அப்புறம் மூன்று டீஸ்பூன் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே முள்கரண்டியால் அடியுங்கள். முதலில் எண்ணெய் தனித்தனி வட்டமாக மிதக்கும். அடிக்க அடிக்க வட்டங்கள் உடைந்து, கலவை வெளிறிக் குழம்புபோல் கெட்டியாகும். கொஞ்சம் கடுகு அரைத்தது சேர்த்தால் சீக்கிரம் பிரியாது. மிளகுத்தூள் தூவி, நறுக்கிய வெள்ளரி, தக்காளி, வெங்காயத்தின் மேல் ஊற்றிப் பிரட்டி ஐந்து நிமிடம் விடுங்கள். வெங்காயத்தின் காட்டம் அடங்கி, ஓரம் இளஞ்சிவப்பாக மாறும். மாவுச்சத்துள்ள சாப்பாட்டுக்கு முன்னாலோ அதோடு சேர்த்தோ இதைச் சாப்பிடுங்கள்.

இப்படி ஒரு வாரம் போகட்டும். வயிறு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். குமட்டல், எரிச்சல் எதுவும் இல்லையென்றால் அளவை ஒரு டேபிள்ஸ்பூன் வரை கொண்டுபோகலாம். எண்ணெயையும் மும்மடங்காக்க வேண்டாம், வெறும் வினிகராகவே காய்கறியில் ஊறவிடலாம். வேகவைத்த கிழங்கை ஆறவிட்டு வினிகரில் பிரட்டுவதும் நல்ல வழி. பலருக்கு இந்தப் படியோடு வேலை முடிந்துவிடும், மேலே போக வேண்டிய அவசியமே இல்லை.

படி 6: குடித்தே ஆக வேண்டுமென்றால்

சரி, சாலட் பிடிக்காது, அலுவலகத்தில் வசதியில்லை, குடிப்பதுதான் சுலபம் என்கிறீர்கள். அப்படியானால் அளவையும் நேரத்தையும் கவனமாகப் பின்பற்றுங்கள்.

பெரிய டம்ளரில் முதலில் 250 மி.லி. தண்ணீர். அதில் ஒரு டீஸ்பூன் வினிகர். தண்ணீர் முதலில், வினிகர் பின்னால் என்று பழகினால் கலக்காமல் வாயில் வைத்துவிடும் தவறு நடக்காது. ஒரு வாரம் கழித்து இரண்டு டீஸ்பூன், அதற்கடுத்த வாரம் மூன்று. மூன்று டீஸ்பூன் என்றால் ஒரு டேபிள்ஸ்பூன். அங்கேயே நின்றுவிடலாம். ஆய்வுகளில் கொடுத்த அதிகபட்சமே பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு டேபிள்ஸ்பூன்தான், அதைத் தாண்டக் கூடாது. ஸ்பூனால் அளந்தே ஊற்றுங்கள். பாட்டிலிலிருந்து நேராகச் சாய்த்தால் ஒரு டேபிள்ஸ்பூன் என்று நினைத்தது மூன்றாகிவிடும்.

சாப்பாட்டுக்குச் சற்று முன்னாலோ சாப்பிடும்போதோ குடித்து முடித்துவிடுங்கள். பாட்டிலில் கலந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க மடக்கு மடக்காக உறிஞ்சுவதுதான் இருப்பதிலேயே மோசமான முறை, ஒவ்வொரு மடக்கிலும் பல் புதிதாக அமிலத்தில் நனைகிறது. படுக்கப் போகும் நேரத்திலும் வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறையும், படுத்தால் அமிலம் மேலே ஏறவும் செய்யும்.

தேன் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். சர்க்கரையைத் தணிக்கக் குடிக்கும் பானத்தில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைப் போடுவது மாதிரிதான் அது. ருசிக்கு ஒரு துண்டு இஞ்சியைத் தட்டிப் போடுங்கள்.

படி 7: பல்லைக் காப்பாற்றுங்கள்

எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக் கூடாது என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பி.எச். 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். கலக்காத வினிகரின் பி.எச். 2.5-லிருந்து 3 வரை. ஒரு டேபிள்ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்தபிறகும் அது 3-ஐ ஒட்டியேதான் நிற்கிறது. கலப்பதால் தொண்டைக்கும் வயிற்றுக்கும் நிம்மதி, பல்லுக்கு முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. 2012-ல் நெதர்லாந்துப் பல் மருத்துவர்கள், எடை குறைக்கத் தினமும் ஒரு கிளாஸ் ஆப்பிள் சைடர் வினிகர் குடித்த 15 வயதுப் பெண்ணின் பற்கள் அரித்துப்போனதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஸ்ட்ரா வைத்து, அதன் நுனி நாக்கின் நடுவில் இருக்கும்படிக் குடியுங்கள். வாயில் அலசாதீர்கள். முடித்ததும் வெறும் தண்ணீரால் நன்றாகக் கொப்பளியுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிரஷ்ஷைத் தொடாதீர்கள். அமிலம் பட்ட எனாமல் கொஞ்ச நேரம் இளகிப்போய் இருக்கும், அந்த நேரத்தில் தேய்த்தால் இளகிய பகுதி அப்படியே வழித்துக்கொண்டு போய்விடும். உமிழ்நீர் அதைத் திரும்ப இறுக்குவதற்கு அவகாசம் வேண்டும். நான் தினமும் செய்த தவறு இதுதான்.

படி 8: பலன் இருக்கிறதா என்று நீங்களே அளந்து பாருங்கள்

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் யார் சொல்வதையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. வழக்கமாகச் சாப்பிடும் ஒரு மாவுச்சத்துச் சாப்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். அளவை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் வினிகர் இல்லாமல் சாப்பிட்டு, சாப்பிடுவதற்கு முன், முதல் வாய் எடுத்து ஒரு மணி நேரத்தில், இரண்டு மணி நேரத்தில் என்று மூன்று முறை அளவெடுங்கள். இன்னொரு நாள் அதே நேரத்தில், அதே சாப்பாட்டை, அதே அளவில், வினிகரோடு. இரண்டு நாளும் சாப்பிட்டபின் நடந்தால் இரண்டு நாளும் நடக்க வேண்டும், உட்கார்ந்தால் உட்கார வேண்டும்.

ஒரே ஒருமுறை செய்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். வீட்டுக் கருவிகளில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டுவது அனுமதிக்கப்பட்டதுதான். 160-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம் கருவியின் ஆட்டமாகவே இருக்கலாம். ஒவ்வொன்றையும் மூன்று நாளாவது செய்து சராசரி பாருங்கள். தொடர்ந்து 20, 30 குறைந்தால் உங்களுக்கு வினிகர் கைகொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் மாறவில்லையென்றால் ருசிக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம். சாப்பாட்டுக்குப் பிறகு 15 நிமிடம் நடப்பதை அதே முறையில் அளந்து பாருங்கள். எனக்கு வினிகரைவிட நடையே அதிகம் குறைத்தது.

மாத்திரை, கம்மி மிட்டாய், தோல், முடி

புளிப்பு பிடிக்காதவர்கள் மாத்திரை பக்கம் போகிறார்கள். 2005-ல் அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில் எட்டு வகை ஆப்பிள் சைடர் வினிகர் மாத்திரைகளைச் சோதித்தார்கள். ஒரு பெண்ணின் தொண்டையில் மாத்திரை சிக்கி உணவுக்குழாய் புண்ணானதால் தொடங்கிய ஆய்வு அது. அமில அளவு ஒரு சதவீதத்திலிருந்து பத்து சதவீதத்துக்கு மேல் வரை எப்படியெப்படியோ இருந்தது. லேபிளில் எழுதியிருந்ததற்கும் உள்ளே இருந்ததற்கும் பொருத்தம் இல்லை. ஜெல்லி போல மென்று தின்னும் கம்மி மிட்டாய்களில் பெரும்பாலும் அமிலம் சொற்பம், சர்க்கரை சேர்ந்திருக்கும். இரண்டையும் நான் யாருக்கும் சொல்வதில்லை.

தோலில் கலக்காமல் தடவவே கூடாது. மச்சத்தை எடுப்பதற்காக இணையத்தில் படித்து வினிகரைக் கட்டிவைத்த 14 வயதுப் பெண்ணுக்கு மூக்கில் ரசாயனப் புண் ஏற்பட்டதை 2015-ல் தோல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். எக்ஸிமா என்ற தோல் அழற்சிக்கு நன்றாகக் கலந்த வினிகர் நீரில் ஊறவைப்பது உதவுமா என்று 2019-ல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினர் 22 பேரிடம் பார்த்தார்கள். தோல் சீராகவில்லை, 16 பேருக்கு எரிச்சல் வந்தது. முடிக்கு ஒரு டேபிள்ஸ்பூனை ஒரு பெரிய கப் தண்ணீரில் கலந்து ஷாம்புவுக்குப் பிறகு ஊற்றி உடனே அலசினால் கொஞ்சம் வழவழப்பு தெரியும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உச்சந்தலையில் புண் இருந்தால் அதுவும் வேண்டாம்.

மிச்சமான வினிகரை வீட்டைத் துடைக்க எடுப்பவர்கள் பிளீச்சோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

எப்போது நிறுத்த வேண்டும்

விழுங்கும்போது வலி, நெஞ்சில் எரிச்சல் கூடுவது, விடாத குமட்டல், பல் கூச்சம், காரணமில்லாத தசைப்பிடிப்பும் சோர்வும், சர்க்கரை மருந்து எடுப்பவர்களுக்குத் திடீர் வியர்வை, நடுக்கம், படபடப்பு. இதில் எது வந்தாலும் அன்றே நிறுத்துங்கள். வியர்வையும் நடுக்கமும் வந்தால் முதலில் சர்க்கரையை அளந்து பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் உடனே இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு மருத்துவரை அழையுங்கள். கருவி பக்கத்தில் இல்லையென்றால் அளப்பதற்காகக் காத்திருக்காமல் முதலில் இனிப்பைச் சாப்பிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது வினிகர் எடுப்பதைச் சொல்லுங்கள். "அது மருந்து இல்லையே" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஸ்பூன், எத்தனை வாரமாக, சாப்பாட்டோடா தனியாகவா என்று ஒரு சீட்டில் எழுதி, நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பல் மருத்துவரிடம் போனாலும் அதே சீட்டைக் காட்டுங்கள்.